மூன்று பட்டைக் கிரில்: ஆல்ஃபா ரோமியோ ஜிடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வட இத்தாலியின் லொம்பார்தியா மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய பட்டறையில், பழைய கார்களைப் புதுப்பிக்கும் வேலைக்கு ஆவணங்களும் புகைப்படங்களும் சேர்த்து வைப்பது என் பொறுப்பு. 2018 அக்டோபரில் உள்ளே வந்து 2021 மே மாதம் வெளியே போன ஒரு காரைப் பற்றிய பதிவு இது. வேலை நன்றாகவே முடிந்தது. ஆனால் நடுவில் நாங்கள் செய்த பிழை சிறியது அல்ல. அதே வரிசைக் காரை வாங்குகிறவர்களும் புதுப்பிக்கிறவர்களும் அதே பள்ளத்தில் விழக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி: எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்தும் ஒரு குடும்பம்

1963 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ஆல்ஃபா ரோமியோ ‘ஜூலியா ஸ்பிரின்ட் ஜிடி’யை அறிமுகம் செய்தது. பெர்ட்டோனே என்ற கார் வடிவமைப்புக் கூடத்தில் அதன் உருவத்தை வரைந்த ஜோர்ஜெத்தோ ஜூஜாரோவுக்கு அப்போது 25 வயது. ஜூலியா செடானின் அடித்தளத்தைச் சற்றுக் குட்டையாக்கி அதன்மேல் அமைத்த இரண்டு கதவுக் கூபே அது. அலுமினிய எஞ்சின், அதன் தலைப்பகுதியில் வால்வுகளை இயக்கும் இரண்டு கேம் தண்டுகள், ஐந்து கியர்கள், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். அந்த விலைக்கு இவ்வளவும் கொடுத்த கார்கள் அன்று அரிது. இரண்டு பேர் பெட்டிகளோடு தொலைதூரம் போகலாம். குழந்தைகள் என்றால் பின்னாலும் இருவர் உட்காரலாம். கிரான் டூரிஸ்மோ, சுருக்கமாக ஜிடி, என்று இத்தாலியர்கள் சொல்வது இதைத்தான்: பந்தயக் காரின் துடிப்பு வேண்டும், ஆனால் இறங்கும்போது இடுப்பு வலிக்கக் கூடாது.

நிறுவனத்துக்குள் இந்தக் குடும்பத்தின் எண் 105. முதல் காரில் 1570 சிசி எஞ்சின். 1966-இல் சற்று வலுக்கூட்டிய ‘ஸ்பிரின்ட் ஜிடி வெலோச்சே’ (சுருக்கமாக ஜிடிவி) வந்தது. அதே ஆண்டு, இத்தாலியில் எஞ்சின் அளவைப் பொறுத்து வரி ஏறுவதை மனத்தில் வைத்து, இளைஞர்களுக்காக 1290 சிசி எஞ்சினோடு ‘ஜிடி 1300 ஜூனியர்’ வந்தது. பிறகு 1967-இல் 1779 சிசி எஞ்சினோடு 1750 ஜிடிவி, 1971-இல் 1962 சிசி எஞ்சினோடு 2000 ஜிடிவி. 1970-களின் நடுப்பகுதி வரை ஓடிய இந்த வரிசையில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கார்கள் உருவாயின.

இந்த வழக்குக்கு முக்கியமானது ஒன்று. பாடியின் எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றே; எஞ்சின்கள் ஒரே அமைப்பின் சிறிதும் பெரிதுமான வடிவங்கள்; தாங்கிகள் அதே இடத்தில். 1300 இருந்த இடத்தில் 2000-ஐ இறக்கிவிட ஒரு நல்ல மெக்கானிக்குக்கு ஒரு வார இறுதி போதும். கிரில்லை மாற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கார்களை உயிரோடு வைத்திருப்பது இந்தப் பொருத்தம்தான். ஒரு கார் தன்னை வேறொரு காராகச் சொல்லிக்கொள்ள வழி செய்வதும் அதே பொருத்தம்தான்.

பழைய முகம் கொண்ட கார்களை இத்தாலியர்கள் ‘ஸ்காலினோ’ என்பார்கள். படி என்று பொருள். பானெட்டின் முன் விளிம்பு மூக்குத் தகரத்தைவிடச் சற்று மேடாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சரியாக மூடாமல் விட்டதுபோல் இருக்கும். ஸ்காலினோவில் எது எது என்று கிரில்லைப் பார்த்துச் சொல்வது வழக்கம். கறுப்பு வலைமேல் ஒரே ஒரு பளபளப்பான கிடைப்பட்டை என்றால் 1300 ஜூனியர். மூன்று பட்டைகள் என்றால் வெலோச்சே. வெலோச்சேயின் பின் தூணில், வெண்தந்த நிறத்தில் வட்டமாக, பச்சை நான்கிலைச் சின்னமும் இருக்கும்.

கார் வந்த நாள்: 2018 அக்டோபர்

பெர்காமோ மாவட்டத்தைச் சேர்ந்த ஐம்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி, முந்திய ஆண்டு காலமான தன் தந்தையின் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்தார். சிவப்பு நிறம். மூன்று பட்டைக் கிரில். தூண்களில் நான்கிலை. முன்னும் பின்னும் பழைய கறுப்பு நம்பர் பிளேட், ‘பிஜி’ என்ற பெர்காமோ எழுத்துகளோடு. 1985-க்கு முந்திய பதிவு என்பதற்கு அந்தக் கறுப்பே சான்று. முதல் பிளேட்டோடு தொடரும் கார்களுக்கு இங்கே தனி மரியாதை உண்டு.

‘அப்பாவின் ஸ்பிரின்ட்’ என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்களாம். புதிதாக வாங்கியது, வேறு யார் கைக்கும் போகாதது. லிப்ரெட்டோ என்று அங்கே சொல்லும் ஆர்.சி. புத்தகம் எங்கே என்று கேட்டேன். தம்பி வீட்டுப் பெட்டிகளில் இருக்கலாம், தேடித் தருகிறேன் என்றார். நான் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனேன். அந்தப் புத்தகத்தை அன்றே வாங்காமல் விட்டதற்கு விலை பின்னால் வந்தது.

அவருடைய விருப்பம் தெளிவாக இருந்தது: கார் மீண்டும் ஓட வேண்டும், தந்தை ஓட்டியபடியே இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடியவை என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் ஆய்வும் முதல் பிழையும்

நவம்பரில் எஞ்சினைக் கழற்றினோம். பிளாக்கில் அடித்திருந்த எண்ணின் முன்பகுதி 00512. இரண்டு லிட்டர் எஞ்சின். ஸ்காலினோவில் இது பிறந்தபோது இருந்திருக்க முடியாது. 1971-க்கு முன் அந்த எஞ்சினே கிடையாது. தந்தை எப்போதோ மாற்றியிருக்கிறார்.

எஞ்சின் மெக்கானிக் இதைக் கண்டுபிடித்ததும் பட்டறையில் ஒரு சிறிய வெற்றி உணர்வு. அதுதான் எங்களைக் கவிழ்த்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு மாற்றத்தைப் பிடித்துவிட்டோம், இனி மீதியெல்லாம் உண்மை என்று மனம் ஓய்ந்துவிட்டது. ‘இரண்டு லிட்டர் எஞ்சின் பொருத்திய 1966 அல்லது 1967 வெலோச்சே’ என்று கோப்பின் அட்டையில் எழுதினேன். என் கையெழுத்துதான்.

சேசிஸ் எண் எங்கே என்று கேட்பீர்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும். அந்த இடத்தில் கறுப்புத் தார்ப்பூச்சு தடிமனாக அப்பியிருந்தது. அருகில் இருக்க வேண்டிய தகடும் இல்லை. எப்படியும் பாடியைச் சுரண்டப்போகிறோம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

அந்த நம்பிக்கையில் இரண்டு காரியங்கள் நடந்தன. உரிமையாளரிடம் வெலோச்சேக்கு உரிய சந்தை மதிப்பைச் சொன்னோம். வெலோச்சேக்கு உரிய 00536 வகை 1600 எஞ்சின் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தோம்.

தகரத்தின் கீழே: 2019 பிப்ரவரி முதல் ஜூன் வரை

பெயிண்டைச் சுரண்டும் வேலை இரண்டு வாரம். சிவப்புக்குக் கீழே சாம்பல் பிரைமர், அதற்குக் கீழே வெள்ளை. டேஷ்போர்டின் பின்புறத்திலும் டிக்கியின் மூலைகளிலும் அதே வெள்ளை. வெள்ளையாகப் பிறந்து பின்னால் சிவப்பாக்கப்பட்ட கார். இதில் வியப்பில்லை, இத்தாலியக் கார் என்றால் சிவப்பு என்று நினைக்கிறவர்கள் இத்தாலியிலும் இருக்கிறார்கள்.

இடது பக்கப் படிக்கட்டை, அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரத்தை, டிங்கர் வேலைக்காரர் காந்தத்தால் தடவிப் பார்த்தார். பல இடங்களில் ஒட்டவில்லை. தகரத்துக்குப் பதில் பட்டிப் பூச்சு. அறுத்துத் திறந்தபோது, துருப்பிடித்த படிக்கட்டின் மேலேயே புதிய தகரத்தை மூடி வெல்டிங் செய்திருந்தது தெரிந்தது. உள்ளே பழைய தகரம் விரலால் தொட்டால் உதிர்ந்தது.

105-இன் படிக்கட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் காரை வாங்குகிறவர் பணத்தைப் பெரும்பாலும் தின்பது எஞ்சின் அல்ல, இதுதான். இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியே சட்டம். படிக்கட்டு வெளித்தகரம், நடுத்தகரம், உள்தகரம் என்று மூன்று அடுக்காக இருந்து காரின் முதுகெலும்பாக வேலை செய்கிறது. முன் மட்கார்டின் பின்புறம் சேரும் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, அந்த ஈரம் அடுக்குகளுக்கு நடுவே இறங்குகிறது. குளிர்காலத்தில் மலைச்சாலைகளில் தூவும் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெளியிலிருந்து தெரியும்போது உள்ளே முடிந்திருக்கும். மேலே புதிய தகரத்தை மூடுவது அழுகலைப் போர்வைக்குள் மறைப்பது போன்றது. அந்த மூடிய இடமே புதிய தண்ணீர்த் தொட்டி ஆகிறது.

ஆகவே மூன்று அடுக்கையும் மாற்ற வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக அறுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு ஒருநாளும் சரியாக மூடாது. கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பிகளை வெல்டிங் செய்து, இடைவெளிகளை அளந்து எழுதி, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். உதிரிச் சக்கரம் வைக்கும் குழி, முன் தரைத்தகரம், ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குப் பெட்டி ஆகியவையும் பட்டியலில் சேர்ந்தன. நாங்கள் முதலில் கொடுத்த மதிப்பீடு 380 மணி நேர உழைப்பு. படிக்கட்டைத் திறந்து பார்க்காமல் எழுதிய எண் அது. முடிந்தபோது 610.

இந்தக் கட்டத்தில்தான் டிங்கர் வேலைக்காரர் என்னை அழைத்து ஒன்றைக் காட்டினார். பின் தூணில் நான்கிலைச் சின்னத்தைப் பொருத்தும் துளைகள். தொழிற்சாலையில் போட்ட துளை என்றால் அதன் விளிம்பிலும் முதல் வெள்ளைப் பெயிண்ட் இறங்கியிருக்க வேண்டும். இதில் விளிம்பு வெறும் இரும்பு. வெள்ளை முடிந்த பிறகு யாரோ துரப்பணத்தால் போட்டது. பின் தகரத்திலோ, ஈயம் வைத்து அடைத்த பழைய துளைகள் சில. அவற்றின் விளிம்பில் வெள்ளை இருந்தது.

“சின்னம் இல்லாமல் வந்த வெலோச்சேயாக இருக்கும்” என்றேன் நான். இப்படியும் ஒரு விளக்கம் சொல்ல முடிந்ததை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் தார்ப்பூச்சைக் கரைத்து, பின்சுவரைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்.

எண்கள் சொன்னது: 2019 ஜூன்

வகை எண் 105.30. வெலோச்சே என்றால் 105.36 இருந்திருக்க வேண்டும். 105.30 என்பது ஜிடி 1300 ஜூனியர்.

அன்று மதியமே பிஆர்ஏ என்ற தேசிய வாகனப் பதிவேட்டில் நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்து விவரம் கேட்டேன். சில நிமிட வேலை, சிறு கட்டணம். எட்டு மாதங்களுக்கு முன்பே செய்திருக்கலாம். பதிவேடு சொன்னதும் அதுவே: 1967-இல் முதல் பதிவு, 1290 சிசி, ஒரே உரிமையாளர். ஆரேசேயில் உள்ள ஆல்ஃபா ரோமியோ ஆவண மையத்துக்கும் எழுதினோம். அங்கிருந்து வந்த தாளில் உற்பத்தி விவரத்தோடு நிறமும் இருந்தது: ‘பியாங்கோ ஸ்பினோ’ என்ற வெள்ளை.

உரிமையாளரிடம் சொல்வது எளிதாக இல்லை. தந்தை பொய் சொன்னாரா என்று கேட்டார். அது பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். 1970-களில், 80-களில் இவை பழைய கார்கள், அவ்வளவுதான். உடைந்த செடானிலிருந்து பெரிய எஞ்சினை எடுத்துப் போடுவதும், கண்ணுக்குப் பிடித்த கிரில்லை மாட்டுவதும் ஆசைக்காரர்கள் செய்யும் சாதாரண வேலை. ஏமாற்ற வேண்டும் என்றால் விற்றிருப்பார். அவரோ ஐம்பது ஆண்டு வைத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவர் ஆல்பத்திலிருந்து இரண்டு படங்கள் கொண்டுவந்தார். 1971-இல் ஒரு குடும்ப விழாவில் எடுத்தது: வெள்ளைக் கார், ஒரு பட்டைக் கிரில். 1983-இல் ஏரிக்கரையில் எடுத்தது: சிவப்புக் கார், மூன்று பட்டை. முதல் நாளே ஆல்பத்தைக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இருந்திருந்தால் இந்தப் பகுதியே எழுத வேண்டியிருந்திருக்காது.

1600 எஞ்சினுக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. மீதியைப் பட்டறையே ஏற்றுக்கொண்டது.

முடிவுகள்: 2019 செப்டம்பர்

ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பேசி மூன்று கேள்விகளைத் தீர்த்தோம்.

முதலாவது பாடி. பழைய உதிரிகள் விற்கும் ஒருவர் இதற்குள் செய்தி கேள்விப்பட்டு, தெற்கிலிருந்து வந்த துருவற்ற பாடி ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஆவணம் இல்லாதது. “பின்சுவர் எண்ணை அறுத்து அதில் ஒட்டிவிடுங்கள், இருநூறு மணி நேரம் மிச்சம்” என்றார். கணக்கில் அவர் சொன்னது சரி. சேசிஸ் எண்ணை அறுத்து வேறு பாடியில் ஒட்டுவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படிச் செய்தால் தந்தையின் காரிலிருந்து மிஞ்சுவது ஒரு உள்ளங்கை அளவுத் தகரமும் இரண்டு நம்பர் பிளேட்டும் மட்டுமே. உரிமையாளர் கணக்கைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே வேண்டாம் என்றார். இருக்கும் பாடியையே செப்பனிடுவது என்று முடிவாயிற்று.

இரண்டாவது எஞ்சின். இதில்தான் நீண்ட நேரம் போயிற்று. உரிமையாளரின் மகன் இரண்டு லிட்டரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். அவனுடைய வாதத்தில் நியாயம் இருந்தது: தாத்தா ஓட்டியது அந்த எஞ்சினோடுதான், நாற்பது ஆண்டுகளாக அந்த ஒலிதான் வீட்டுக்குத் தெரிந்த ஒலி. மாறாக நின்றது சட்டம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் வகையும் காரில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றத்தைப் பதிவு செய்ய வழி உண்டு. இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி போக்குவரத்து அலுவலகத்தில் காரைக் காட்டிச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஆனால் ஏஎஸ்ஐ என்ற பழங்கார்ச் சங்கத்தின் வரலாற்றுச் சான்றிதழையும் உரிமையாளர் கேட்டிருந்தார். 1967 காரில் 1971 எஞ்சினைப் பதிவு செய்துவிட்டு, அதையே வரலாற்றுப் பொருள் என்று சங்கத்தின் முன் நிறுத்துவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்ற கேள்வியும் இருந்தது. 89 குதிரைத்திறன் கொண்ட கார் என்று பதிவாகியிருப்பதில் 131 குதிரைத்திறன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

1300-க்கே திரும்புவது, தந்தையின் இரண்டு லிட்டரைச் சுத்தம் செய்து குடும்பத்திடமே கொடுப்பது என்று முடிந்தது. மகன் முழு மனத்தோடு ஒப்பவில்லை. அதையும் கோப்பில் எழுதினேன்.

மூன்றாவது தோற்றம். கிரில்லும் நான்கிலைச் சின்னமும் போக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்தினோம். நாளை இந்தக் கார் கை மாறினால் வாங்குகிறவர் எங்களைப் போலவே ஏமாறுவார். நிறம் அப்படி அல்ல, சிவப்பு யாரையும் ஏமாற்றாது. உரிமையாளர் சிவப்பையே கேட்டார். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சிவப்புதான். என்னைக் கேட்டிருந்தால் வெள்ளை என்றிருப்பேன்; அந்த மூக்கின் படி வெள்ளையில்தான் நிழலாகத் தெரியும். ஆனால் கார் என்னுடையது அல்ல. டிக்கியின் உட்புறத்தில் பழைய வெள்ளையை ஒரு சாண் அகலத்துக்குத் தொடாமல் விடுவது என்று பேசிக்கொண்டோம்.

2020 வசந்தம்

காரில் பிறந்த 1290 சிசி எஞ்சின் எங்கே? இதற்கு விடை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எஞ்சினை மாற்றிக் கொடுத்த மெக்கானிக், தந்தையின் நண்பர், எண்பது வயதைத் தாண்டியவர், பெர்காமோவுக்கு வடக்கே செரியானா பள்ளத்தாக்கில் வசித்தவர். உரிமையாளர் 2019 அக்டோபரில் அவருடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். பழைய எஞ்சின்கள் சில இன்னும் கொட்டகையில் கிடப்பதாகவும் சொன்னார். வெல்டிங் வேலை ஓடிக்கொண்டிருந்தது. குளிர்காலம் போகட்டும், மலைச்சாலை சரியானதும் நேரில் போகலாம் என்று தள்ளி வைத்தோம்.

மார்ச் 8 அன்று கொரோனாத் தொற்றால் லொம்பார்தியா முழுவதும் அடைக்கப்பட்டது. மறுநாள் நாடு முழுவதும். அந்தப் பள்ளத்தாக்கு எப்படிப்பட்ட இழப்பைக் கண்டது என்பது உலகுக்கே தெரியும். அந்த மெக்கானிக் மார்ச் மாத இறுதியில் இறந்துவிட்டார்.

பட்டறையும் மூடியிருந்தது. ஒரு பக்கப் படிக்கட்டு முடிந்து, மறுபக்கம் அறுபட்ட நிலையில், சுழலும் தாங்கியில் சாய்ந்தபடி கார் எட்டு வாரம் நின்றது. வெற்றுத் தகரத்தில் ஈரம் படக் கூடாது என்று மூடும் முன் அவசரமாகப் பிரைமர் அடித்திருந்தது நல்லதாயிற்று. மே 4-க்குப் பிறகு ஒருவர் ஒருவராக வேலைக்குத் திரும்பினோம்.

ஜூன் மாதம், இறந்தவரின் உறவினரை உரிமையாளர் தயங்கித் தயங்கி அழைத்தார். கொட்டகையை மூன்று வாரத்துக்கு முன்புதான் காலி செய்திருந்தார்கள். அலுமினியம் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அந்தக் குவியலில் எங்கள் பிளாக் இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியாது.

எஞ்சின்: 2020 அக்டோபர் முதல்

சிதைந்த மற்றொரு ஜூனியரிலிருந்து 00530 வகை எஞ்சின் ஒன்று கிடைத்தது. வாங்கும் முன் மெக்கானிக் நேரில் போய் எண்ணைத் தடவிப் பார்த்து, காகிதத்தில் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து வந்தார். இந்த முறை யாரும் அவசரப்படவில்லை.

இந்த எஞ்சினில் அலுமினிய பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு லைனர்கள், அதாவது பிஸ்டன்கள் ஓடும் குழல்கள், தனியாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. பிளாக்கிலிருந்து தலைக்கு ஏறும் எண்ணெய் வழிகளைச் சிறு ரப்பர் வளையங்கள்தான் காக்கின்றன. காலப்போக்கில் அவை இறுகி வெடித்தால் எண்ணெய் தண்ணீரில் கலந்து ரேடியேட்டர் மூடிக்குள் பால்காபி நிறத்தில் தேங்கும். வாங்கிய எஞ்சினில் அந்த அடையாளம் இருந்தது. எதிர்பார்த்ததுதான், விலையும் அதற்கேற்பப் பேசியிருந்தோம். லைனர்கள் பிளாக்கின் மேல்தளத்துக்கு மேலே எவ்வளவு நீட்டியிருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாக அளந்து சமப்படுத்தாமல் புதிய கேஸ்கெட் போட்டால் ஆறு மாதத்தில் அதே காபி திரும்பி வரும். அதற்கு நான்கு நாள் செலவானது.

கியர்பாக்ஸில் இரண்டாம் கியரின் சின்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ உதவும் வளையம், தேய்ந்திருந்தது. இந்தக் குடும்பத்தில் தேயாதது ஒன்றை நான் பார்த்ததில்லை. பின் அச்சு பிறந்தபோது இருந்ததே, 9/41 விகிதம். தந்தை இரண்டு லிட்டர் எஞ்சினை அந்த அச்சோடு ஓட்டியிருக்கிறார். நெடுஞ்சாலையில் காருக்குள் பேசவே முடியாது என்று மகள் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. 2000 ஜிடிவிக்கு நிறுவனம் 10/41 வைத்தது, அதே வேகத்தில் எஞ்சின் குறைவாகச் சுழலும்.

சாலைக்கு வந்த பின்

2021 மே மாதம் கார் சோதனையில் தேறியது. ஏஎஸ்ஐ சான்றிதழும் பிறகு கிடைத்தது. அதில் எஞ்சின் வகை, கிரில், நம்பர் பிளேட் எல்லாம் ஒரே காரைப் பற்றிப் பேசுகின்றன. வெலோச்சே என்று நாங்கள் முதலில் சொன்ன மதிப்பைவிட உண்மையான மதிப்பு குறைவு. உரிமையாளர் விற்கப்போவதில்லை என்பதால் அது சண்டையாகவில்லை. விற்கிறவராக இருந்திருந்தால் எங்கள் நிலை வேறு.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு அவர் சொன்னது, “மெதுவாக இருக்கிறது.” உண்மைதான். 1290 சிசி எஞ்சின் தாழ்ந்த சுழற்சியில் இழுக்காது. நான்காயிரத்தைத் தாண்டிய பிறகே விழித்துக்கொள்ளும். அப்படி ஓட்டப் பழகுவதற்குக் கோடை முழுவதும் ஆயிற்று. மகன் இரண்டு முறை ஓட்டிவிட்டு விட்டுவிட்டான். இரண்டு லிட்டர் எஞ்சின் அவர்கள் வீட்டுக் கார்க் கொட்டகையில் இரும்புத் தாங்கியில் நிற்கிறது, வெபர் கார்புரேட்டர்களின் வாயில் துணி அடைத்து. நம்பர் பிளேட் இல்லாத ஏதாவது ஒரு 2000 பாடி கிடைத்தால் சொல்லுங்கள் என்று அவன் என்னிடம் கேட்டிருக்கிறான். அது இன்னொரு கோப்பு.

படிக்கட்டுகளுக்குள் மெழுகு தெளித்து மூடியிருந்தோம். ஒரு குளிர்காலம் கழித்துச் சிறு கேமராவை நுழைத்துப் பார்த்ததில் புதிய துரு இல்லை. டிக்கிக்குள் விட்ட வெள்ளைச் சாணில் மட்டும் ஒரு புள்ளி எழுந்திருந்தது. தொட வேண்டாம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார்.

மாற்றிக்கொண்டவை

எங்கள் வருகைப் படிவத்தின் முதல் பக்கம் இப்போது வேறு. சேசிஸ் எண்ணைக் கண்ணால் பார்க்காமல், பிஆர்ஏ பதிவோடு ஒப்பிடாமல், கோப்பின் அட்டையில் மாடல் பெயர் எழுதுவதில்லை. அதுவரை நம்பர் பிளேட் எண்தான் கோப்பின் பெயர். எண்ணின்மேல் தார் இருந்தால் அதைக் கரைப்பதுதான் முதல் நாள் வேலை. கிரில், சின்னம், நிறம் ஆகியவற்றைக் ‘காணப்படுவது’ என்ற தனிப் பத்தியில் எழுதுகிறோம், அடையாளப் பத்தியில் அல்ல. துளைகளின் விளிம்பில் எந்தப் பெயிண்ட் என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்புவது டிங்கர் வேலைக்காரர், நான் அல்ல.

படிக்கட்டை ஓரிடத்தில் அறுத்துப் பார்க்காமல் பாடி வேலைக்கு மணிக்கணக்கு சொல்வதை நிறுத்திவிட்டோம். சில வாடிக்கையாளர்கள் இதனால் வேறு பட்டறைக்குப் போகிறார்கள்.

ஆல்பத்தை முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம். காரை அறிந்த முதியவர் யாராவது இருந்தால், எஞ்சினைக் கழற்றும் முன்பே அவரைப் போய்ப் பார்ப்பது என்றும் வைத்திருக்கிறோம். போன நவம்பரில் அப்படி ஒருவரைப் பார்க்கப் பனியில் மூன்று மணி நேரம் ஓட்டிப்போனேன். அவருக்கு அந்தக் கார் நினைவில்லை. காபி கொடுத்தார், குடித்துவிட்டுத் திரும்பினேன்.